நூற்றெண்பது டிகிரி

முதல் கருவி மூன்று நிமிடம் உயிரோடு இருந்தது.
எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய நிக்ரோம் கம்பி,
பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து உரித்த மைக்காத் தகடு,
ஆய்வகக் கழிவில் எடைக்கு எடுத்த
கண்ணாடிச் சோதனைக் குழாய்.
ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், பழக்க தோஷம்.
பீன்யாவில் நாளெல்லாம் போர்டுகளுக்கு அதைத்தானே செய்கிறேன்.
இலை சூடாகும் முன்பே
ஈயம் உருகி மேசையில் சொட்டியது.

இரண்டாவதில் திருகாணி.
ஆனால் வாய்முனைக்கு மிக்ஸி மூடியை வெட்டியிருந்தேன்,
எரிந்த பொம்மை நாற்றம்.
அதை நெஞ்சுக்குள் அனுப்ப
நெஞ்சுமேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை.

மூன்றாவதுதான் இது.
டார்ச் லைட்டின் எஃகு உடம்பு,
செத்துப்போன லேப்டாப்பின் சாகாத சார்ஜர்,
கட்டில் காலில் அறுத்த தேக்குத் துண்டு.
குமிழில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு:
நூற்றெண்பது.
அதற்குக் கீழே இலை சும்மா காயும்.
அதற்கு ரொம்ப மேலே போனால் கருகும்.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
சரிதான்.
நெருப்பும் இல்லை புகையும் இல்லை,
நடுவில் ஒல்லியாக ஓர் இடம் இருக்கிறது,
அங்கே கற்பூரவல்லி ஆவியை விடுகிறது,
நான் பிடிக்கிறேன்.

பதினோரு வருடம், நாளுக்குப் பதினான்கு சிகரெட்.
நிறுத்தியபோது நெஞ்சு கேட்கவில்லை,
கைதான் கேட்டது.
சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில்
வாடகைக்கு ஆள் வராத ஒரு சந்து.

அதனால்தான் இத்தனை பராமரிப்பு.
ஞாயிறு காலை குழாயைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறப்போடுவேன்.
பஞ்சுக் குச்சி உள்ளே வெள்ளையாகப் போய்
பழுப்பாகத் திரும்பும்.
அதை உடனே எறிய மாட்டேன்,
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.
டேங்கர் தண்ணீரில் அலசினால் கண்ணாடியில் சுண்ணாம்பு பூக்கும்,
எனவே காவிரி வருகிற நாளில்
ஒரு சொம்பு தனியாக எடுத்து மூடி வைக்கிறேன்,
சாமிக்கு இல்லை.
டீ வடிகட்டியில் வெட்டிய சல்லடை மாதம் ஒன்று.
கம்பியை வெறும் விரலால் தொடாதே, சூடிருக்கும்போதும், இல்லாதபோதும்.
இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை,
விதிக்கு ஒரு கொப்புளம் வீதம் கொடுத்தேன்.

மூன்றாம் வாரம் வீட்டுக்காரம்மா புட்டலிங்கம்மா
முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்,
வாடகைத் தேதிகூட இல்லை.
“ஏனு வாசனே இது?”
காட்டினேன். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
கஞ்சா, போலீஸ், அட்வான்ஸ்,
மூன்றும் வரிசையாக அவர் முகத்தில் வந்துபோயின.
பிறகு, மூக்கடைத்த குரலில்,
“நனகூ ஒந்து சல.”

இழுத்தார். இருமினார்.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.
அடுத்த ஞாயிறு என் கதவில் ஒரு பால் கவர் தொங்கியது,
உள்ளே அவர் மாடித் தொட்டியின் தொட்டபத்ரே,
நிழலில் உலர்த்தி, காம்பு கிள்ளி.

இன்னொரு வாய்முனை கடைந்தேன்,
என்னுடையதைவிடக் கொஞ்சம் அகலம்.
அவருக்குப் பல்செட் வழுக்குகிறது.
இப்போது கழுவ இரண்டு.

நேற்று பாதி இழுப்பில் கரண்ட் போனது.
இருட்டில் கம்பி ஆறுகிற சத்தம்,
டிக், கொஞ்சம் பொறுத்து, டிக்.
ஆவி போச்சு, என்றேன்.
கன்னடத்திலும் ஆவி உண்டு,
அது வெறும் நீராவி, அதனால் பயப்படவில்லை.
குழாயை மடியில் வைத்துக்கொண்டு,
திருப்பித் தரும் உத்தேசமே இல்லாமல்,
“பரத்தே, பரத்தே” என்றார்.